பெயரில்லாத ஒரு கருவி: மடக்குக்கத்தியைப் பிரித்துத் துடைத்தவர்களின் வரலாறு

சற்று நீண்ட பதிவு இது. என் ஆய்வேட்டுக்குள் அடங்காமல் போன ஒரு செய்தியை இங்கே எழுதிவைக்கிறேன். மொழியியலும் வரலாறும் பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் வாசித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

மேற்கு உத்தரப் பிரதேசத்தின் உலோகத் தொழிலாளர் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டுவது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. அதன் பொருட்டு முதன்முறை ராம்பூருக்குச் சென்றபோது என் கையில் ஒரு வினாநிரல் இருந்தது. பொருளைச் சுட்டுவது, 'இதன் பெயர் என்ன?' என்று வினவுவது, விடையை ஒலிக்குறியீட்டில் எழுதிக்கொள்வது என்பதே நான் பயின்ற முறை. எழுபது வயதைக் கடந்த கத்தித் தொழிலாளி ஒருவரின் கடையில் மூன்று நாள்கள் அமர்ந்திருந்தேன். ஊரார் அவரை உஸ்தாத் என்று அழைத்தனர். நானும் அவ்வாறே அழைத்தேன்.

இரண்டாம் நாள் பழவண்டிக்காரர் ஒருவர் ஒரு மடக்குக்கத்தியைக் கொண்டுவந்தார். பழச்சாறும் தூசியும் கெட்டிப்பட்ட எண்ணெயும் மூட்டுக்குள் இறுகியதால் அலகு பாதி திறந்த நிலையில் நின்றுவிட்டிருந்தது. உஸ்தாத் அதனை வாங்கி, மூட்டிலிருந்த பித்தளை ஆணியின் தலையை அரத்தால் மெல்லத் தேய்த்தார். பின்னர்ப் பலகையின் அடியிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். பட்டை இரும்பை வளைத்துச் செய்த சிறு கவ்வி அது. அதன் ஒரு கையில் சிறு துளை. அதற்கு நேர் எதிரே மறு கையில் சற்றுப் பெரிய துளை. அடிப்பகுதியில், விரலால் முறுக்கக்கூடிய காது வைத்த ஒரு திருகு. அத்துடன் சைக்கிள் சக்கரக் கம்பியை வெட்டித் தேய்த்த ஒரு குத்தூசி. கத்தியைக் கவ்விக்குள் வைத்து, திருகை முறுக்கி, முதுகுப்புறத்து வில்லை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சிறு துளை வழியாகக் குத்தூசியை நுழைத்து, சுத்தியலால் இரண்டு தட்டு. ஆணி மறுபுறத்துத் துளை வழியாக வெளியே வந்து விழுந்தது. வில் துள்ளவில்லை, பிடி விரியவில்லை.

மண்ணெண்ணெயில் ஊறவைத்தல், பித்தளைத் தூரிகையால் தேய்த்தல், ஒரு சொட்டு எண்ணெய் என்று எஞ்சிய வேலை எளிதாக முடிந்தது. மீண்டும் கோக்கும்போது அவர் செய்த ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். பீடிக்கட்டின் மேல்தாளில் ஒரு துண்டைக் கிழித்து, அலகுக்கும் பிடியின் உட்தகட்டுக்கும் இடையே வைத்தார். புதிய பித்தளைக் கம்பியைச் செருகி இரு முனைகளையும் தட்டிப் பரப்பிய பின் அந்தத் தாளை உருவி எடுத்துவிட்டார். தாளின் பருமன் அளவுக்கு ஓர் இடைவெளி அங்கே எஞ்சியது. அந்த இடைவெளியில்தான் அலகு தடையின்றி ஆடியது.

நான் வினாநிரலை விரித்து, அந்தக் கவ்வியைச் சுட்டி, பெயர் கேட்டேன். உஸ்தாத் சிறிது யோசித்தார். "பெயரா? நானே செய்தது பேட்டா. இதை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. பெயர் எதற்கு?" என்றார். நான் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றேன். விடுதிக்குத் திரும்பித் தரவைச் சீர்செய்தபோது, கோடு மட்டும் இருந்த வரிசைகள் அனைத்தையும் நீக்கினேன். அந்தக் கருவியும் அவற்றுடன் நீங்கியது.

அந்த நீக்கம் தவறு என்பதை உணர எனக்கு நெடுநாள் ஆயிற்று. ஏன் தவறு என்பதைச் சொல்ல, மடக்குக்கத்தியின் வரலாற்றை அதன் மூட்டிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும்.

மூட்டின் வரலாறு

மடக்குக்கத்தி மிகப் பழைய பொருள். ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் பகுதியில் கிடைத்த எலும்புப்பிடி மடக்குக்கத்தி கி.மு. 6ஆம் நூற்றாண்டையொட்டியது எனக் கணிக்கப்படுகிறது. உரோமானியரிடத்தும் மடக்குக்கத்திகள் இருந்தன. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கத்தி, கரண்டி, முள்கரண்டி முதலியன ஒன்றாக மடங்கும் உரோமானிய வெள்ளிக் கருவி ஒன்று உள்ளது. இவற்றில் அலகைப் பிடியுடன் இணைப்பது ஓர் ஆணி. அலகு நிற்பதும் மடங்குவதும் அந்த மூட்டின் உராய்வைப் பொறுத்தது.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் முதுகுப்புறத்தில் வில் வைத்த கத்திகள் பரவலாயின. பிடியின் முதுகில் நெடுகக் கிடக்கும் எஃகுப் பட்டையொன்று அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும். திறந்த நிலையிலும் மடங்கிய நிலையிலும் அலகை நிறுத்துவது அந்த அழுத்தமே. இதனால் கத்தி உறுதி பெற்றது. ஆயினும் அதனைப் பிரிப்பது கடினமாயிற்று. ஏனெனில் ஆணியை எடுத்த கணத்தில் விசையுடன் கிடக்கும் வில் விடுபடும். ஷெஃபீல்டின் தேர்ந்த தொழிலாளர் ஆணியின் தலையைத் தட்டிப் பரப்பி, பிடியின் உலோகத்தோடு சமமாகத் தேய்த்து மெருகிட்டனர். நன்கு செய்த கத்தியில் ஆணி இருக்குமிடமே கண்ணுக்குத் தெரியாது. இணைப்பு மறைவது நேர்த்தியின் அடையாளமாகக் கருதப்பட்டது. அந்த நேர்த்தியே, வாங்கியவருக்குக் கத்தி மூடிய பொருளாகிவிடவும் காரணமாயிற்று.

செய்பவர் தரப்பில் நிலைமை வேறு. கத்தியை நிலையாகக் கோப்பதற்கு முன், தற்காலிக ஆணியிட்டுப் பலமுறை கோத்துப் பிரித்து, அலகும் வில்லும் பொருந்துகின்றனவா எனத் தேய்த்துத் தேய்த்துச் சரிபார்ப்பது இத்தொழிலின் இயல்பு. ஆகவே 'பிரித்தல்' என்பது செய்தலின் உள்ளேயே இருக்கும் ஒரு படி. பழுதுபார்ப்பவர் அந்தப் படியை மீண்டும் நிகழ்த்துகிறார். ராம்பூரில் நான் கண்ட கவ்வி இத்தகைய படிக்கு உரியது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய இரண்டு புகழ்பெற்ற கத்திகளை ஒப்பிடலாம். பிரான்சின் சவோய் பகுதியில் 1890இல் ஜோசஃப் ஒப்பினெல் உருவாக்கிய கத்தியில் முதுகுவில் கிடையாது. மரப்பிடி, அலகு, ஓர் ஆணி, ஓர் உலோக வளையம் ஆகிய எளிய உறுப்புகளே. 1955இல் அலகைப் பூட்டும் சுழல் வளையம் சேர்ந்தது. இந்த வளையத்தைக் கழற்றத் தெரிந்தால் மூட்டின் பெரும்பகுதியைத் துடைத்துவிடலாம். மற்றொன்று சுவிட்சர்லாந்தின் படைக்கத்தி. அதன் 1890ஆம் ஆண்டு மாதிரியில் ஒரு திருப்புளியும் இருந்தது. படைவீரர் தம் துப்பாக்கியைப் பிரித்துத் துடைப்பதற்காக அது சேர்க்கப்பட்டது. ஆனால் கத்தியின் உறுப்புகள் தட்டி இறுக்கிய ஆணிகளால் கோக்கப்பட்டிருந்தன. துப்பாக்கியைப் பிரிக்க உதவிய கத்தியை, அதனை வைத்திருந்தவர் பிரிக்க இயலாது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நிறுவனங்கள் ஆணிக்குப் பதில் திருகுகளை இடலாயின. இனி யாரும் பிரிக்கலாம் என்று தோன்றும். ஆனால் திருகின் தலைக்கேற்ற கருவி வேண்டும். 1967இல் அமெரிக்காவில் அறிமுகமான டார்க்ஸ் என்னும் ஆறிதழ் வடிவத் தலை இன்று மடக்குக்கத்திகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. சில கத்திகளில் திருகின் தலையில் இரண்டு சிறு குழிகள் மட்டும் இருக்கும். அவற்றுக்கேற்ற இருமுனைத் திருப்பியைக் கடையில் தேடி அலைவதைவிட, பழைய திருப்புளியின் நுனியை அரத்தால் நடுவில் தேய்த்து இருபல்லாக்கிக்கொள்வது எளிது. உலகின் பல பகுதிகளில் கத்தி வைத்திருப்போர் இவ்வாறுதான் செய்துகொள்கின்றனர். இவ்வாறு, மூட்டின் ஒவ்வொரு வடிவத்துக்கும் எதிரே, அதனைத் திறக்க ஒருவர் வீட்டிலோ பட்டறையிலோ செய்துகொண்ட கருவி ஒன்று நிற்கிறது. கத்தியின் வரலாறு நூல்களில் எழுதப்பட்டுள்ளது. இந்தக் கருவிகளின் வரலாறு எழுதப்படவில்லை.

எழுதுவோரின் கத்தி

மடக்குக்கத்தி என்றதும் வன்முறை நினைவுக்கு வருவது அண்மைக் காலத்து வழக்கம். நெடுங்காலம் அது எழுத்துத் தொழிலோடு சேர்ந்திருந்தது. இறகுப் பேனாவின் நுனியைச் சீவ ஐரோப்பியர் வைத்திருந்த சிறு கத்தியின் பெயரைத் தழுவியே தமிழில் 'பேனாக்கத்தி' என்கிறோம். பாரசீக, உருது எழுத்தர்கள் நாணற்பேனாவைச் சீவ வைத்திருந்த கத்திக்குக் 'கலம்தராஷ்' என்று பெயர். பேனாவைச் சீவுவது என்பது பொருள். தமிழ் ஓலைச்சுவடி மரபில் 'மடக்கெழுத்தாணி' இருந்தது; உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுத்தாணி வகைகளைக் கூறுமிடத்து அதனைக் குறிப்பிடுகிறார். ஒரு முனையில் எழுத்தாணியும் மறுமுனையில் ஓலை நறுக்கும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கும் மாதிரிகளை அருங்காட்சியகங்களில் காணலாம். சுவடி எழுதிய ஒவ்வொருவரும் அந்த மூட்டில் சேர்ந்த ஓலைத்துகளையும் மையையும் எப்போதாவது துடைத்திருக்க வேண்டும். எதைக் கொண்டு துடைத்தனர் என்பதற்கு எந்த அருங்காட்சியகத்திலும் நான் ஒரு பொருளைக் கண்டதில்லை.

மடக்குக்கத்தியின் உறுப்புகளுக்கு மொழிகள் தாராளமாகப் பெயர் தந்திருக்கின்றன. ராம்பூரில் வழங்கும் 'சாக்கூ' என்ற சொல் துருக்கிய மொழிகளிலிருந்து பாரசீகம் வழியே உருதுவுக்கு வந்தது. இன்றைய துருக்கி மொழியிலும் 'சக்கி' என்பது மடக்குக்கத்தியைக் குறிக்கும். பிடிக்கு உருதுவில் 'தஸ்தா'. கை என்று பொருள்படும் 'தஸ்த்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. நாமும் கைப்பிடி என்கிறோம். அலகுக்கு அங்கே 'ஃபல்'. தமிழில் 'அலகு' கத்திக்கும் பறவைக்கும் பொது. முதுகுவில்லின் பெயர் 'கமானீ'. வில்லைக் குறிக்கும் 'கமான்' அதன் அடி. தமிழும் அதே உவமையைத் தனியே கண்டடைந்திருக்கிறது: அம்பெய்யும் வில்லின் பெயரையே விசைச்சுருளுக்கும் இட்டோம், வில்வண்டி என்ற சொல்லில் அது நிலைத்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவருக்குத் தமிழ்ப் பட்டறைகள் தந்த பெயர் திருப்புளி, திருப்பும் உளி. புதிதாக வந்த கருவியை ஏற்கெனவே அறிந்த உளியின் இனத்தில் சேர்த்துக்கொண்ட அழகிய ஆக்கம் அது.

இத்தனை பெயர்களுக்கு நடுவே அந்தக் கவ்விக்கு மட்டும் ஏன் பெயரில்லை? விடையை உஸ்தாதே சொல்லிவிட்டார், எனக்குத்தான் கேட்கவில்லை. திருப்புளியைக் கடையில் கேட்டு வாங்க வேண்டும். இரவல் கேட்க வேண்டும். சிறுவனிடம் எடுத்துவரச் சொல்ல வேண்டும். ஒரு பொருள் இருவருக்கிடையே நடமாடத் தொடங்கும்போதுதான் அதற்குப் பெயர் தேவைப்படுகிறது. ஒருவரே செய்து, ஒருவரே பயன்படுத்தி, எப்போதும் ஒரே பலகைக்கடியில் வைத்திருக்கும் கருவி மொழிக்குள் நுழைய வேண்டிய கட்டாயமே இல்லை. பட்டறையில் மாணாக்கர் இருந்த காலத்தில் 'அதை எடு' என்று சுட்டியிருப்பார். சுட்டுச்சொல்லும் விரலும் போதுமாயிருந்திருக்கும். மாணாக்கர் வராமற்போன பின் சுட்டவும் தேவை இல்லை.

பெயர்களைத் திரட்டியோர்

தொழிற்சொற்களைத் திரட்டும் மரபு இந்தியாவில் வலிமையானது. இந்திய மொழியியல் அளவாய்வை நடத்திய கிரியர்சன், அதற்கு முன்பே, 1885இல் 'பிகார் உழவர் வாழ்க்கை' பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஏர், வண்டி, தறி, கொல்லன் உலை என ஊர்ப்புறத்துப் பொருள்கள் ஒவ்வொன்றையும் உறுப்பு உறுப்பாகப் பெயரிட்டு வரிசைப்படுத்திய நூல் அது. உருதுவில் ஸஃபருர் ரஹ்மான் தெஹ்லவி தொகுத்த தொழிலாளர் கலைச்சொல் அகராதியை அஞ்சுமன் தரக்கி உருது 1939 தொடங்கி எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் வழிகாட்டலில் உருவான வட்டார வழக்குத் தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதி, வேளாண்மை பற்றியது, 1962இல் வந்தது. இந்நூல்கள் இல்லையெனில் என் போன்றோர் களத்துக்குச் செல்லவே இயலாது. அவற்றின் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. பெயரே நுழைவாயில் என்பதால் பெயருள்ள பொருளே உள்ளே வரும். அகராதி பெயரில்லாத பொருளைப் பதிவு செய்ய இயலாது. அது அகராதியின் குற்றமன்று. ஆனால் அகராதிக்காக வகுத்த வினாநிரலைக் கொண்டு ஒரு பட்டறையின் அறிவு முழுவதையும் அளந்துவிட்டதாக எண்ணினால் அது ஆய்வாளரின் குற்றம். நான் அவ்வாறே எண்ணினேன். பட்டறையில் பெயருள்ளவை பெரும்பாலும் கடையில் வாங்கியவை: அரம், சுத்தியல், பட்டறைக்கல், குறடு. பெயரில்லாதவை அவர் தம் கையாலேயே ஆக்கிக்கொண்டவை. கோடு இழுத்த வரிசைகளை நீக்கியபோது, அவருடைய சொந்த அறிவு பொதிந்த பொருள்களையே தேர்ந்தெடுத்து நீக்கியிருக்கிறேன்.

1909இல் ருடால்ஃப் மெரிங்கர் முதலியோர் ஜெர்மன் மொழியில் 'சொற்களும் பொருள்களும்' என்ற பெயரில் ஓர் ஆய்விதழைத் தொடங்கினர். சொல்லின் வரலாற்றைப் பொருளின் வரலாற்றோடு சேர்த்தே ஆராய வேண்டும் என்பது அவர்களின் வாதம். முதுகலை வகுப்பில் அதனைத் தேர்வுக்காகப் படித்து மறந்திருந்தேன். ஹூகோ ஷூகார்ட் மீன்வலைகளையும் சூல்கதிர்களையும் திரட்டி வைத்துக்கொண்டு சொற்பிறப்பியல் எழுதினார் என்பதும் அப்போது ஒரு வேடிக்கைச் செய்தியாகவே பட்டது. ஒரு சொற்பட்டியலுடன் மட்டும் ராம்பூரிலிருந்து திரும்பிய பிறகுதான் அவர்கள் ஏன் பொருளையும் கையில் எடுத்தனர் என்பது புரிந்தது.

ராம்பூரின் இன்றைய நிலை

ராம்பூருக்கு இரண்டு புகழ் உண்டு. ஒன்று, நவாப் ஃபைஸுல்லா கான் 1774இல் தொடங்கிய தொகுப்பிலிருந்து வளர்ந்த ரஸா நூலகம். அங்கே சுமார் 17,000 கையெழுத்துப் படிகள் காக்கப்படுகின்றன. ஏட்டைப் பிரிப்பதற்கும் தூசு நீக்குவதற்கும் பயிற்சி பெற்றோர் பணியாற்றுகின்றனர். மற்றொன்று, ராம்பூரி என்று நாடெங்கும் அறியப்பட்ட மடக்குக்கத்தி. 1965இல் வெளியான 'வக்த்' முதலிய இந்தித் திரைப்படங்கள் அதனை நாயகர்க்கும் கயவர்க்கும் உரிய ஆயுதமாக மக்கள் மனத்தில் பதித்தன. ராம்பூர்க் கத்தியால் பழம் நறுக்கியவரும் கயிறு அறுத்தவரும் தோல் சீவியவரும் எந்தத் திரைப்படத்திலும் வரவில்லை.

சட்டமும் அதே நோக்கில் கத்தியைப் பார்த்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1962ஆம் ஆண்டு விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் உரியவை நீங்கலாக, ஆயுத வகையில் சேர்த்தன. 1990களில் உத்தரப் பிரதேச அரசு ராம்பூர்க் கத்தியின் அலகை 4.5 அங்குலத்துக்குள் கட்டுப்படுத்தியது. பொது அமைதிக்கான தேவையை நான் மறுக்கவில்லை. அலகின் நீளத்தை அளந்தோர் மூட்டை அறிந்திருந்தோரைப் பற்றி எண்ணவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். புதிய கத்திக்குத் தேவை குறைந்தது. மலிவான வெளிநாட்டுக் கத்திகள் வந்தன. பழுதான கத்தியைத் துடைத்துக் கோக்கக் கொடுப்பதைவிடத் தூக்கியெறிவது எளிதாயிற்று.

2023இல் ராம்பூரின் ஒரு நாற்சந்தியில் 6 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மாபெரும் கத்தி ஒன்றை நிறுவினர். ஊரின் கைத்தொழிலைப் போற்றும் நல்ல நோக்கம் அதில் உண்டு. இளைஞர் பலர் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்வதைக் கண்டேன். அது மடங்காத மடக்குக்கத்தி. அதன் மூட்டில் அழுக்குச் சேராது. அதனைப் பிரித்துத் துடைக்க எவரும் கவ்வி செய்ய வேண்டியதில்லை.

இரண்டாம் முறை

நீக்கிய வரிசைகளை மீட்டெடுத்து, கவ்வியை அளந்து வரையவும் படமெடுக்கவும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் ராம்பூர் சென்றேன். கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறைகள் தொங்கின. விசாரித்து, வீட்டுக்குச் சென்றேன். உஸ்தாத் நலமாக இருந்தார். கண்பார்வை மங்கியதால் தொழிலை விட்டிருந்தார். தேநீர் வந்தது. கவ்வியைப் பற்றிக் கேட்டேன்.

அவருடைய மகன் பதில் சொன்னார். கடையைக் காலி செய்தபோது சுத்தியலையும் அரங்களையும் குறடுகளையும் தெரிந்த ஒருவர் விலைக்கு எடுத்துக்கொண்டாராம். எஞ்சிய 'சில்லறை இரும்பு' எடைக்குப் போயிற்றாம். அவர் வருத்தத்துடன்தான் சொன்னார். நான் முன்பே கேட்டிருந்தால் எடுத்துவைத்திருப்பேன் என்றார். அவரிடம் குறை காண எனக்குத் தகுதியில்லை. பெயருள்ளவற்றைத் தனியே எடுத்து, பெயரில்லாதவற்றை ஒன்றாகக் கொட்டி அகற்றும் அதே வேலையை என் கணினியில் நான் அவருக்கு முன்பே செய்திருந்தேன்.

உஸ்தாத் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர்த் தாளும் பென்சிலும் கேட்டார். பார்வை மங்கிய நிலையில், கையின் நினைவால், கவ்வியை வரைந்தார். துளைகள் ஏன் சம அளவில் இல்லை என்பதை விளக்கினார்: நுழையும் பக்கம் குத்தூசியை நேராக நடத்த வேண்டும், வெளியேறும் பக்கம் ஆணிக்கு வழிவிட வேண்டும். திருகின் நுனியில் ஒரு தோல் துண்டை ஒட்டியிருந்ததாகவும், இல்லையெனில் வில்லின் மெருகில் வடு விழும் என்றும் சொன்னார். அந்தத் தோல் துண்டை முதல் பயணத்தில் நான் கவனிக்கவே இல்லை. தம் ஆசான் வேறு விதமாகச் செய்துகொண்டிருந்ததாகவும், தமக்குக் கை சற்று நடுங்கும் என்பதால் துளையை வழிகாட்டியாக வைத்துக்கொண்டதாகவும் கடைசியில் கூறினார். ஒரு மனிதரின் கைநடுக்கத்துக்கு அவரே கண்டுபிடித்த தீர்வு அது. எந்தச் சொற்பட்டியலிலும் அது வந்திருக்காது.

அந்த வரைபடம் இப்போது என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருக்கிறது. பெயர்க் கட்டத்தில் கோடு இருக்கிறது. அதனருகில் பொருள், அளவு, செயல், செய்தவர் சொன்ன காரணம் ஆகியவற்றுக்குப் புதிய கட்டங்களைச் சேர்த்திருக்கிறேன். வினாநிரலின் முதல் வினாவையும் மாற்றிவிட்டேன். 'இதன் பெயர் என்ன?' என்பதற்கு முன்னர், 'இவற்றுள் நீங்களே செய்துகொண்டவை எவை?' என்று கேட்கிறேன். இந்த ஒரு வினாவால் பட்டறையில் உரையாடல் மாறிவிடுகிறது. பெயர் சொல்லிக்கொண்டிருந்தவர் எழுந்து பலகையின் அடியில் தேடத் தொடங்குகிறார்.

2022 ஜூலையில் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், ஊர்திகள் ஆகியவை அதன் கவனத்துக்குரிய துறைகள். வாங்கிய பொருளைத் திறக்க வாங்கியவருக்கு உரிமை உண்டா என்பதே அங்கும் வினா. உரிமை சட்டத்தால் வரலாம். திறக்கத் தெரிந்த கையும், அந்தக் கை தனக்கென்று செய்துகொண்ட கருவியும் சட்டத்தால் வாரா. அவற்றைப் பதிவு செய்வது ஓரளவேனும் நம் போன்ற ஆய்வு மாணவரின் பொறுப்பு என்று கருதுகிறேன்.

களப்பணியில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குறிப்பேடுகளில் விடை கிடைக்காத கட்டங்கள் இருக்குமாயின், நீக்குவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். இயன்றால் அந்தப் பொருளின் படத்தையோ வரைபடத்தையோ பின்னூட்டத்தில் இடுங்கள். அதனை யார் எதற்காகச் செய்துகொண்டார் என்ற ஒரு வரியுடன். சொற்பிறப்பிலோ செய்தியிலோ பிழை காண்போர் திருத்த வேண்டுகிறேன்.